நாரி உளைவும் எங்கள் பிழைப்பும்

– ஜேர்மனியிலிருந்து ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி

முன்பெல்லாம் இந்த நாட்டில் எம்மவர் இருவர் கோவிலடியிலோ தமிழ்க் கடையடியிலோ சந்தித்துக்கொண்டால் முதற் கதை விசாவைப் பற்றியதாக இருக்கும். இப்பொழுது முதற் கதை நாரியைப் பற்றியது.

"என்ன அண்ணை, நாரி எப்பிடி?"

"அதை ஏன் கேட்கிறாய் தம்பி. நேற்றும் ஊசி போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனனான்."

ஹம் காமாட்சி அம்பாள் கோவில் தேர்த் திருவிழாவில் முன்னுக்கு நின்று வடம் பிடித்தவர்கள், சில வருடங்களில் தோளைத் தடவிக்கொண்டு ஓரத்தில் ஒதுங்கி நிற்பதைக் காண்கிறோம். இதற்குக் காரணம் தேடி எங்கும் போகத் தேவையில்லை. நாங்கள் செய்யும் வேலைகளைப் பார்த்தாலே போதும். உணவகச் சமையலறை, துப்புரவு வேலை, சலவைத் தொழிற்சாலை, பெட்டி கட்டும் வேலை. ஒரே அசைவை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை, அதையே பத்து, இருபது வருடம் செய்கிறோம். பெண்கள் அந்த வேலையையும் முடித்து வந்து வீட்டில் சமையல், பிள்ளைகள் என்று இரண்டாம் ஷிப்ட் வேறு செய்கிறார்கள்.

நான் டொக்டரும் இல்லை, பெரிய படிப்புப் படித்தவனும் இல்லை. ஊரில் ஓ.எல். வரை படித்தேன். 2010இல் இந்த நாட்டுக்கு வந்தேன். பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிறேன். வலது தோளும் நாரியும் பிடித்துக்கொண்ட பிறகு, எனக்குச் சரியான ஒரு பிசியோதெரபிஸ்டைக் கண்டுபிடிக்கும்வரை பட்ட அனுபவத்தையும், அந்த வழியில் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

இது சின்ன விடயம் அல்ல. வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை. நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது சொந்த உழைப்பில் சீவிக்கிறோமா என்று பார்க்கிறார்கள். ஊரில் அம்மாவின் மருந்துச் செலவும் தங்கச்சியின் படிப்பும் இந்தக் கைகளை நம்பித்தான் இருக்கின்றன. சான்றிதழ் எதுவும் கொண்டுவராத எங்களுக்கு இந்த உடம்புதான் முதல்.

வலி என்றால் என்ன?

மூன்று மாதத்துக்கு மேல் விடாமலோ விட்டுவிட்டோ இருக்கும் வலியை நீண்டகால வலி என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். காயம்பட்டதும் வரும் வலிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ஊரில் வளவுக்குள் கட்டிவைத்த நாயை நினைத்துப் பாருங்கள். கள்ளன் வந்தால் குரைப்பது அதன் கடமை. ஆனால் ஒருமுறை பயந்துபோன நாய், பிறகு காகம் பறந்தாலும் குரைக்கும், பனையோலை விழுந்தாலும் குரைக்கும். நீண்டகால வலியில் எங்கள் நரம்புகளும் அப்படித்தான் ஆகிவிடுகின்றன. வலி உண்மையானது. ஆனால் வலிக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ முறிகிறது என்று அர்த்தம் இல்லை.

எம்மவரில் பலர் "எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்" என்று நம்புகிறார்கள். 2015இல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பில், நாரி வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பார்த்திருக்கிறார்கள். முதுகெலும்பின் தட்டுகள் தேய்ந்திருப்பது 20 வயதுக்காரரில் 37 சதவீதமானோரிடமும் 80 வயதுக்காரரில் 96 சதவீதமானோரிடமும் தெரிந்தது. வலி இல்லாதவர்களிடமே இப்படி! ஆகவே படத்தில் "தேய்வு" என்று எழுதியிருப்பதைப் பார்த்து வேலையும் வாழ்க்கையும் முடிந்தது என்று இடிந்துபோக வேண்டாம். படுத்துக் கிடப்பதும் மருந்து அல்ல. சாதாரண நாரி வலிக்கு இந்த நாட்டு வைத்தியர்களின் தேசிய வழிகாட்டி சொல்வதும் உடம்பை அசைக்கச் சொல்லித்தான்.

டொக்டர் தரும் துண்டு

பிசியோவுக்குப் போவதற்கு வீட்டு டொக்டரோ எலும்பு டொக்டரோ ஒரு துண்டு தருவார். ரெசெப்ட் என்று நாங்கள் சொல்லும் அந்தத் துண்டைப் பற்றிச் சில விபரங்கள் தெரிந்திருப்பது நல்லது.

நாரி, தோள் வலிக்கு வழக்கமாக ஒரு துண்டில் 6 தடவை எழுதுவார்கள். வழிகாட்டும் எண்ணிக்கை மொத்தம் 18. தேவை இருந்தால் டொக்டர் காரணம் குறித்து அதற்கு மேலும் எழுதலாம். துண்டில் திகதி இட்ட நாளிலிருந்து 28 நாட்களுக்குள் முதல் தடவை போக வேண்டும். அவசரம் என்று குறித்திருந்தால் 14 நாட்களுக்குள். நல்ல இடங்களில் அதற்குள் நேரம் கிடைப்பது கஷ்டம். எனவே முதலில் ரெலிபோன் எடுத்து நாள் ஒன்றைக் குறித்துக்கொண்டு, பிறகு அதற்கு ஏற்றபடி டொக்டரிடம் துண்டு கேட்பது புத்தி.

18 வயதுக்கு மேற்பட்டவர்கள் துண்டு ஒன்றுக்கு 10 யூரோவும், சிகிச்சைச் செலவில் 10 சதவீதமும் கட்ட வேண்டும். மருந்து, ஆஸ்பத்திரி, பிசியோ என்று ஒரு வருடத்தில் கட்டும் இப்படியான காசு குடும்ப வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டினால், மிகுதிக்கு கிராங்கன்காசேயிடம் விலக்குக் கேட்கலாம். நீண்டகால நோயாளி என்று டொக்டர் உறுதிப்படுத்தினால் அந்த எல்லை 1 சதவீதம். பற்றுச்சீட்டுகளை எறியாமல் ஒரு உறைக்குள் போட்டு வையுங்கள்.

துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். மசாஜ் என்றால் தசையைப் பிடித்துவிடுவது. கிரான்கன்கிம்னாஸ்டிக் என்றால் அசைவுப் பயிற்சி. மனுவெல தெரபி என்றால் மூட்டுகளைக் கையால் அசைத்துச் சரிசெய்வது. இதைச் செய்ய பிசியோவிடம் மேலதிகச் சான்றிதழ் இருக்க வேண்டும். கருவிகளில் செய்யும் பயிற்சியும் உண்டு. அது ஒரு மணித்தியாலம். மற்றவை பொதுவாக 15 முதல் 25 நிமிடம் வரைதான்.

எந்த இடத்துக்குப் போவது என்பதை டொக்டர் தீர்மானிப்பதில்லை, கிராங்கன்காசேயும் தீர்மானிப்பதில்லை. தெரிவு செய்வது நாங்கள். இந்த ஒரு உரிமை எம்மில் பலருக்குத் தெரியாது.

அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராதவர்களுக்கு முதல் மூன்று வருடமும் வேறு சட்டம். கடும் நோய்க்கும் வலிக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் பிசியோவுக்கு சமூகநல அலுவலகத்தின் அனுமதி முதலில் தேவைப்படலாம். அவர்கள் டொக்டரிடம் காரணத்தை விளக்கமாக எழுதி வாங்க வேண்டும்.

நான் கண்ட இரண்டு இடங்கள்

முதலில் போன இடம் வீட்டுக்குப் பக்கத்தில். சூடான சேற்றுப் பொதியை நாரிக்குக் கீழே வைத்தார்கள். பிறகு தோளைப் பிடித்துவிட்டார்கள். சொர்க்கம் போல இருந்தது. ஆனால் அடுத்த நாள் காலை ஷிப்டில் பத்து மணிக்கே வலி திரும்பவும் வந்து நின்றது. ஆறு தடவையில் நான்கு வேறு வேறு ஆட்கள் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் "எங்கே வலிக்கிறது?" என்று முதலிலிருந்து கேட்டார்கள். ஒருவராவது "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்கவில்லை. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். ஆனால் அங்கே எனக்கு ஆறுதல் கிடைத்ததே தவிர சுகம் கிடைக்கவில்லை.

இரண்டாவது இடத்தைச் சொன்னவர் எங்களோடு அதே பட்டியில் வேலை செய்யும் துருக்கிப் பெண்மணி. பஸ்சில் முப்பது நிமிடம். அங்கே இருந்தவரும் ஒரு பெண்தான், என் வயது இருக்கும். முதல் பத்து நிமிடமும் அவர் என்னைத் தொடவேயில்லை. கேட்டார், எழுதினார். பிறகு ஒரு பெட்டிக்குள் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி என் முன்னால் வைத்து, "தொழிற்சாலையில் எப்படித் தூக்குவீர்களோ அப்படியே தூக்குங்கள்" என்றார். தூக்கினேன். பாதம் நகராமல் இடுப்பை மட்டும் முறுக்கி இடப்பக்கம் வைத்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"அறுநூறுக்கு மேல்."

அவர் சிரித்தார். "நான் வாரத்தில் இருபது நிமிடம் உங்கள் தோளில் கை வைப்பேன். நீங்கள் நாற்பது மணித்தியாலம் வேலை செய்வீர்கள். எது வெல்லும், சொல்லுங்கள்?"

பிறகு, "மூன்று மாதத்தில் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். வலி இல்லாமல் இருக்க வேண்டும் என்றேன். அது போதாது, ஒரு காரியத்தைச் சொல்லுங்கள் என்றார். எனக்கு நான்கு வயதில் ஒரு மகள். தேர் பார்ப்பதற்கு அவளைத் தோளில் தூக்கி வைக்க வேண்டும் என்று சொன்னேன். தேர் என்றால் என்ன என்று விளக்குவதற்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

தந்த பயிற்சிகள் மூன்றே மூன்று. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, றப்பர் பட்டியைக் கதவில் கட்டி இழுப்பது, கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து இருப்பது. முதல் வாரம் ஒவ்வொன்றும் எட்டுத் தடவை. பிறகு சிறிது சிறிதாகக் கூட்டினார். "செய்யும்போது கொஞ்சம் வலித்து அடுத்த நாள் தணிந்தால் பரவாயில்லை. அடுத்த நாளும் கூடினால் குறைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தாதீர்கள்" என்றார். தொழிற்சாலையில் இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைக்கவும் பழக்கினார்.

மூன்று துண்டு, 18 தடவை முடிந்தது. வலி முற்றாகப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். குளிர்காலத்தில் இரவு ஷிப்ட் வந்தால் இன்றும் தோள் உளையும். ஆனால் வேலையில் நிற்கிறேன். மகள் தோளில் ஏறித் தேர் பார்த்தாள்.

சரியானவரை எப்படி அறிவது?

இந்த நாட்டில் பிசியோதெரபிஸ்ட் என்ற பெயரை வைத்துக்கொள்ள மூன்று வருடம் படித்து அரச பரீட்சையில் சித்தியடைய வேண்டும். ஆகவே எல்லோரும் படித்தவர்களே. எங்கள் வலிக்குப் பொருத்தமானவர் யார் என்பதே கேள்வி. நான் பார்க்கச் சொல்வது இவற்றை:

முதல் நாளில் உங்கள் வேலையையும் நித்திரையையும் பற்றிக் கேட்கிறாரா? படத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் உங்களை அசையச் சொல்லிப் பார்க்கிறாரா?

முடிந்தவரை ஒரே ஆள் தொடர்ந்து பார்க்கிறாரா?

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி தருகிறாரா? அடுத்த முறை அதைச் செய்து காட்டச் சொல்கிறாரா?

பயத்தைக் குறைக்கிறாரா, கூட்டுகிறாரா? "உங்கள் எலும்பு இடம் விலகிவிட்டது, நான் ஒவ்வொரு மாதமும் தட்டி வைக்க வேண்டும்" என்று சொல்லிக் கைக்காசு கேட்பவரிடம் அவதானமாக இருங்கள்.

நீங்கள் மெல்ல மெல்ல அவர் இல்லாமலே சமாளிக்கப் பழகுகிறீர்களா? எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அடையாளம் இதுதான். நல்ல பிசியோ உங்களைத் தன்னிடமிருந்து அனுப்பிவைக்கத்தான் பார்ப்பார்.

மசாஜும் சூடும் கூடாது என்று சொல்லவில்லை. பயிற்சியோடு சேர்ந்து வந்தால் நல்லது. அது மட்டுமே என்றால் போதாது. ஆறு தடவையில் ஒரு மாற்றமும் இல்லாவிட்டால் அவரிடமே காரணத்தைக் கேளுங்கள். அடுத்த துண்டை வேறிடத்துக்குக் கொண்டுபோவது யாருக்கும் அவமரியாதை இல்லை. வர முடியாத நாளில் 24 மணித்தியாலத்துக்கு முன் அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கட்டணம் கேட்பார்கள்.

வலியைச் சொல்லும் பாஷை

எங்களிடம் வலிக்கு எத்தனை சொற்கள்! உளைவு, குத்து, எரிவு, கடுப்பு, பிடிப்பு, இழுவை. டொச்சில் எல்லாவற்றையும் "ஷ்மெர்ட்சன்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். எந்த மாதிரியான வலி என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு வழி தெரியும். குத்து என்றால் "ஷ்டெஷென்ட்". உளைவு என்றால் "டும்ஃப்". எரிவு என்றால் "ப்ரெனென்ட்". இழுவை என்றால் "ட்ஸீஹென்ட்". மரத்துப் போனால் "டவுப்". பிடிப்பு என்றால் "ஷ்டைஃப்".

மொழிபெயர்ப்பாளருக்கு கிராங்கன்காசே பொதுவாகக் காசு கொடுப்பதில்லை. அதனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் ஒரு தகப்பன் தன் உடம்பில் எங்கே அடி விழுந்தது என்று சொல்வாரா? ஒரு தாய் தன் இடுப்பு வலியைச் சொல்வாரா? சொல்ல மாட்டார்கள். பிள்ளையும் கேட்கக் கூடாத பாரத்தைக் கேட்கிறது. வளர்ந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுவித்துக் கொண்டுபோங்கள்.

போர் விட்டுச் சென்ற வலி

எம்மில் சிலருடைய வலி தொழிற்சாலையில் தொடங்கியது அல்ல. ஷெல் துண்டு உடம்புக்குள் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம். உலோகத் துண்டு அசையக்கூடும், சூடாகவும் கூடும்.

தடுப்பிலும் முகாமிலும் சித்திரவதைப்பட்டவர்களுக்கு, முகங்குப்புறப் படுக்கச் சொல்லி அந்நியர் ஒருவர் முதுகில் கை வைப்பதே தாங்க முடியாததாக இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் முதல் நாளே மேசையில் இருந்து எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு வருடம் எங்கும் போகவில்லை. பிறகு போன இடத்தில், அவர் சொன்ன ஒரேயொரு வசனத்துக்குப் பிறகு, இருந்தபடியே வைத்தியம் செய்தார்கள். தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள். முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை. "போரில் காயப்பட்டவன், தொடுவதற்கு முன் சொல்லுங்கள்" என்றால் போதும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் வேண்டும் என்றும் கேட்கலாம். அகதிகளுக்கான உளநல நிலையங்களும் பல நகரங்களில் உண்டு. உடம்பும் மனமும் சேர்ந்து பட்டதை இரண்டையும் சேர்த்துத்தான் ஆற்ற வேண்டும்.

வேலைத்தலத்தில்

வலியைச் சொன்னால் வேலையால் நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறோம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனாலும் சில பாதுகாப்புகள் இருக்கின்றன. 12 மாதத்துக்குள் மொத்தம் ஆறு வாரத்துக்கு மேல் சுகவீன விடுப்பில் இருந்தால், வேலையை எப்படி மாற்றி அமைக்கலாம் என்று பேசுவதற்கு முதலாளி உங்களை அழைக்க வேண்டும். சம்மதிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். தொழிற்சாலை டொக்டர் உங்கள் நோய் விபரத்தை முதலாளிக்குச் சொல்லக் கூடாது. வேலையில் விழுந்தோ அடிபட்டோ வந்த வலி என்றால், வேலை விபத்துக்கென்று உள்ள டொக்டரிடம் போங்கள். அந்தச் சிகிச்சைக்குக் கைக்காசு இல்லை.

பிசியோ முடிந்த பிறகு உடம்பை விட்டுவிடாதீர்கள். "ரேஹா ஸ்போர்ட்" என்று டொக்டரிடம் கேளுங்கள். கிராங்கன்காசே ஒத்துக்கொண்டால், வழக்கமாக 18 மாதத்துக்குள் 50 தடவை, குழுவாகப் பயிற்சி செய்யலாம். அதற்கும் கைக்காசு இல்லை.

காத்திருக்கக் கூடாத வலி

தொடைகளுக்கு இடையில் மரத்துப் போனால், சலம், மலம் கட்டுப்படாவிட்டால், கால் திடீரென்று பலமிழந்தால் பிசியோவின் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 112ஐ அழையுங்கள். காய்ச்சலோடு வரும் நாரி வலி, காரணமின்றி மெலிவதோடு வரும் வலி, விழுந்த பின் வரும் கடும் வலி ஆகியவற்றையும் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

கீழே உள்ள வசனங்களை வெட்டி எடுத்துப் பணப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாஷை சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, வாசித்துக் காட்டினால் விளங்கிக்கொள்வார்கள்.

நின்றபடி வேலை செய்கிறேன்: இஹ் ஆர்பைட்டே இம் ஷ்டேஹன்.

திரும்ப ஒருமுறை காட்டுங்கள்: பிட்டே ட்சைகன் ஸீ மியர் டாஸ் நொஹ் ஐன்மால்.

வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?: வெல்ஹே உய்புங்கன் கான் இஹ் ட்சு ஹவுசே மாஹன்?

உடம்புக்குள் உலோகம் இருக்கிறது: இஹ் ஹாபே மெட்டால் இம் கோர்பர்.

தொடுவதற்கு முன் கேளுங்கள்: பிட்டே ஃப்ராகன் ஸீ, பெஃபோர் ஸீ மிஹ் அன்ஃபாசன்.